கழுதை ஓட்டியவர் கேலக்ஸியைத் துரத்திய கதை!

ஆராய்ச்சியாளர் ஆகணும்னா டிகிரி, பிஹெச்.டி... இந்த வரிசைதானே உங்க மனசுல ஓடும்? மில்டன் ஹியூமசன் பள்ளிப் படிப்பையே முடிக்கல பாஸ்!

1891-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பிறந்தவர். 14 வயசுல கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் மலைக்கு சம்மர் கேம்ப் போனார். மலை பிடிச்சுப்போச்சு. வீட்டில் கெஞ்சி ஒரு வருஷம் ஸ்கூலுக்கு லீவு வாங்கியவர், அப்புறம் அந்தப் பக்கமே போகல. அப்போது மலை உச்சியில் வானியல் ஆய்வகம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கான மரங்களையும் சாமான்களையும் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டும் வேலையில் சேர்ந்தார். 1911-ல் ஆய்வக இன்ஜினீயரின் மகள் ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1917-ல் அதே ஆய்வகத்தில் துப்புரவுப் பணியாளர். அடுத்து, இரவில் வானியலாளர்களுக்கு உதவியாளர். 1919-ல் இயக்குநர் ஜார்ஜ் ஹேல் அவரை ஆய்வாளர் குழுவிலேயே சேர்த்துவிட்டார்! 'இன்ஜினீயர் மாப்பிள்ளை, அதான்'னு நீங்க நினைக்கலாம். உள்ளே நுழைய அது உதவியிருக்கலாம்தான். ஆனா, அதுக்கப்புறம் அவர் செஞ்சதை எந்த மாமனாராலயும் செஞ்சு கொடுத்திருக்க முடியாது.

உங்க போன்ல நைட் மோட் போட்டா, சில செகண்ட் ஆடாம பிடிக்கச் சொல்லும்ல? அதுக்கே நமக்குக் கை நடுங்கும். 1928-ல் எட்வின் ஹப்பிள் கேட்டுக்கொண்டதால், என்.ஜி.சி. 7619 என்ற மங்கலான கேலக்ஸியின் நிறமாலையைப் படம்பிடிக்க உட்கார்ந்தார் ஹியூமசன். ஒரு தகட்டுக்கு 33 மணி நேரம், இன்னொன்றுக்கு 45 மணி நேரம்! ஒரே ராத்திரியில் முடியாது. விடிந்ததும் தகட்டை மூடிவைத்து, மறுநாள் இருட்டியதும் அதே இடத்தில் டெலஸ்கோப்பைத் திருப்பித் தொடரணும். கேலக்ஸி நகர்ந்துவிடாமல் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும். வெதுவெதுப்பான காற்று படத்தைக் கலைத்துவிடும் என்பதால் அந்தக் கூடத்தில் ஹீட்டரும் கிடையாது. குளிரில் விறைத்துக்கொண்டுதான் எல்லாம்.

கிடைத்த விடை: அந்த கேலக்ஸி விநாடிக்கு 3,779 கி.மீ வேகத்தில் நம்மை விட்டு விலகுகிறது. அதுவரை அளந்த எந்த கேலக்ஸியின் வேகத்தையும்விட இரண்டு மடங்குக்கு மேல்! தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்று ஹப்பிள் 1929-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு முந்தைய பக்கத்தில், அதே இதழில், ஹியூமசனின் இந்தக் கட்டுரையும் வந்தது. 1936-க்குள் விநாடிக்கு 42,000 கி.மீ வரை அளந்துவிட்டார். ஹப்பிள் பெயரில் விண்வெளியில் ஒரு டெலஸ்கோப்பே சுத்துது. ஹியூமசன்னா நம்மில் பலர் 'யாரு?'ன்னுதான் கேட்போம். கொஞ்சம் அநியாயம்தான்!

1950-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1957-ல் ஓய்வு பெற்றார். ஆனாலும், மனுஷன் சும்மா இருக்கல. 1961-ல், 70 வயசுல, ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதுக்கு ஹியூமசன்னே பேரு வெச்சிருக்காங்க.