நவாபு நாற்காலிக்கு ஆசைப்பட்ட மீர்ஜாபர்

1757-ம் ஆண்டு ஜூன் மாதம். வங்காளத்தின் தலைநகர் முர்ஷிதாபாத். தளபதி மீர்ஜாபரின் மாளிகைக்குள் ஒரு மூடு பல்லக்கு நுழைந்தது. கோஷாப் பெண்கள் செல்லும் பல்லக்கு. யார் திரையை விலக்கிப் பார்க்கப் போகிறார்கள்?

உள்ளே இருந்தது பெண் அல்ல. கும்பினியின் ஆளான வாட்ஸ் என்ற வெள்ளைக்காரன்!

திருக்குரானைத் தலையில் வைத்து, மகன் மீரானின் தலைமீது கையை வைத்து, மீர்ஜாபர் சத்தியம் செய்தான். நவாபு சிராஜ் உத்தௌலாவைக் கவிழ்த்துவிட்டு அவனை நவாபு ஆக்குவது; அதற்குக் கூலியாகக் கும்பினிக்கு மட்டும் 1 கோடி ரூபாய். இதுதான் ஒப்பந்தம்.

மீர்ஜாபர் அன்னியன் அல்ல. சிராஜின் பாட்டனார் அலிவர்திகானின் சகோதரியை மணந்தவன். சிராஜ் பட்டத்துக்கு வந்ததும் அவனுடைய பதவியைப் பறித்தான். அந்தக் கோபத்திலாவது நியாயம் உண்டு. ஆனால், சில நாட்களில் சிராஜ் அவன் வீடு தேடி வந்து சமாதானம் பேசியபோது, அதே திருக்குரான் மீது அவனுக்கும் சத்தியம் செய்தானே, அதை என்னவென்பது?

காலடியில் தலைப்பாகை

ஜூன் 23. பிளாசி மாந்தோப்பு. கிளைவிடம் சுமார் 3 ஆயிரம் பேர். நவாபிடம் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். அதில் பெரும்பகுதி மீர்ஜாபர் கோஷ்டியின் கையில். அது அசையவே இல்லை.

நடுப்பகலில் மழை கொட்டியது. நவாபின் வெடிமருந்து நனைந்தது. உண்மையாகப் போராடிய மீர்மதன் பீரங்கிக் குண்டுக்குப் பலியானான். கலங்கிப்போன சிராஜ், மீர்ஜாபரை அழைத்துத் தன் தலைப்பாகையைக் கழற்றி அவன் முன்னே வைத்தான். மானத்தைக் காப்பாற்றும்படி கெஞ்சினான். மீர்ஜாபர் தைரியம் சொன்னான். இன்று படையைத் திருப்பிவிட்டு நாளை போரிடலாம் என்று யோசனையும் சொன்னான். வெளியே வந்ததும், உடனே தாக்கும்படி கிளைவுக்குக் கடிதம் அனுப்பினான்!

சிராஜ் தப்பி ஓடிப் பிடிபட்டான். ஜூலை 2-ந் தேதி, மீரானின் உத்தரவுப்படி கொல்லப்பட்டான்.

கை நடுங்கிய நவாபு

போருக்கு மறுநாள் மீர்ஜாபர் கிளைவின் முகாமுக்குப் போனான். சிப்பாய்கள் மரியாதைக்காகத் துப்பாக்கியை உயர்த்தினார்கள். தன்னைச் சுடத்தானோ என்று அவன் திடுக்கிட்டான். அரண்மனையிலும் தானாகச் சிம்மாசனம் ஏறத் துணியவில்லை. கிளைவ் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

கஜானாவைத் துழாவியும் பேசிய பணம் தேறவில்லை. பாதியை உடனே கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டான். வெள்ளிப் பணம் படகு படகாகக் கல்கத்தா போயிற்று.

1760-ல் மீரான் இடி விழுந்து இறந்தான். எந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தானோ, அந்தப் பிள்ளை! அதே ஆண்டு கும்பினியார் மீர்ஜாபரை இறக்கிவிட்டு, மருமகன் மீர்காசிமை நவாபு ஆக்கினார்கள். மீர்காசிம் அவர்களை எதிர்க்கவே, 1763-ல் கிழவனை மறுபடி அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

1765-ம் ஆண்டு பிப்ரவரியில் மீர்ஜாபர் இறந்தான். சாகும்போதும் கிளைவுக்கு 5 லட்ச ரூபாய் எழுதி வைத்திருந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், வங்காளத்தின் வரி வசூல் உரிமை முழுவதும் கும்பினியிடம் போய்ச் சேர்ந்தது.

முர்ஷிதாபாத்தில் அவனுடைய மாளிகையின் வாசல் மட்டும் எஞ்சியது. ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர், நமக் ஹராம் தேவ்டி. உப்பிட்டவருக்குத் துரோகம் செய்தவனின் வாசல் என்று அர்த்தம்.