கூச்சமின்றிப் பாட வைத்த புனித பிலிப்பு நேரியார்

பொன்விழா மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டபோது, புனித பிலிப்பு நேரியாரே முதலில் நினைவுக்கு வந்தார். காரணம் இல்லாமல் இல்லை. ஞாயிறு திருப்பலியில் நாம் பீடத்தில் நின்று பார்க்கிறோம். பாடகர் குழுவினர் ஒலிபெருக்கியில் இனிமையாகப் பாடுகிறார்கள். இறைமக்களோ வாய்மூடி நிற்கிறார்கள். வீட்டில் தாலாட்டுப் பாடும் தாய்மாரும் கோவிலுக்குள் வந்தால் பக்கத்தில் நிற்பவர் காதில் விழுமே என்று உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. குருமடத்தில் நமது குரலைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அன்றிலிருந்து தொடக்கவுரையைப் பாடாமல் வாசித்தே காலத்தை ஓட்டிவிட்டோம்.

பிலிப்பு 1515-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பத்திரம் எழுதும் தொழிலர். சிறுவன் பிலிப்பு புனித மாற்கு மடத்தில் சாமிநாதர் சபைத் துறவியரிடம் ஞானக் காரியங்களைக் கற்றார். அந்நகரில் பொதுநிலையினர் மாலை வேளைகளில் கூடி, 'லௌதே' எனப்படும் பக்திப் பாடல்களைத் தாய்மொழியில் பாடுவது நெடுநாளைய வழக்கம். இளமையில் கேட்ட அந்தப் பாட்டை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பதினெட்டு வயதளவில் வாணிபம் செய்துவந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். அவருடைய செல்வம் தமக்கு வரக்கூடும் என்றிருந்தும் அதை உதறிவிட்டு உரோமை சென்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1544-இல் தூய ஆவி பெருவிழாவையொட்டி, புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறைகளில் செபித்துக்கொண்டிருக்கையில், நெருப்புப் பந்து ஒன்று தம் இதயத்தில் புகுந்ததாக உணர்ந்தார். அவர் இறந்தபின் மருத்துவர்கள் பார்த்தபோது, இதயத்தின் மேலிருந்த இரண்டு விலா எலும்புகள் முறிந்து வெளிப்புறமாக வளைந்திருந்தனவாம்.

1551 மே 23-இல் குருப்பட்டம் பெற்றார். புனித எரோணிமுஸ் கோவிலில் அவர் தங்கியிருந்த அறையில் சில இளைஞர்கள் பிற்பகலில் கூடினார்கள். ஞானவாசகம், அதைப்பற்றி உரையாடல், பின்பு பாட்டு, இவ்வளவுதான். கூட்டம் பெருகவே கோவிலின் மேல்மாடம் செபக்கூடமாயிற்று. கைவினைஞரும் கடைக்காரரும் அரண்மனை ஊழியரும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். கீழே கோவிலில் திருப்பலி இலத்தீனில் நடந்த காலம் அது. மேலே மாடத்தில் அவரவர் வீட்டில் பேசும் மொழியில் பாட்டு எழுந்தது.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. இந்திய நாட்டிலிருந்து புனித சவேரியார் முதலிய இயேசு சபையார் எழுதிய கடிதங்கள் அக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. 1557 வாக்கில் பிலிப்புவும் தோழர்களும் இங்கே புறப்படவே துணிந்தார்கள். ஆனால் அவர் ஆலோசனை கேட்ட துறவி ஒருவர், அவருடைய இந்தியா உரோமைதான் என்று சொல்லித் தடுத்துவிட்டார். 1622-இல் இருவரும் ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார்கள்.

தவக்காலத்திற்கு முந்திய களியாட்ட நாட்களில் மக்களைச் சேர்த்துக்கொண்டு ஏழு பெருங்கோவில்களுக்கும் பாடிக்கொண்டே நடப்பார். இடையில் ஒரு தோட்டத்தில் ரொட்டியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் பரிமாறப்படும். அங்கும் இசை உண்டு. இது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1559-இல் மேலிடத்தில் புகார் போய், அவர் புதுக் கட்சி சேர்க்கிறார் என்று பதினைந்து நாள் பாவசங்கீர்த்தனம் கேட்கவே தடை விதிக்கப்பட்டது. முணுமுணுக்காமல் கீழ்ப்படிந்தார். தடை நீங்கியதும் மறுபடி நடந்தார், பாடினார்.

தம் மதிப்பைப் பற்றிய கவலையே அவருக்கு இல்லை. தாடியில் பாதியை மட்டும் மழித்துக்கொண்டு வீதியில் போவார். சீடர்களுக்கும் அதே மருந்துதான். பிற்காலத்தில் திருச்சபை வரலாற்றைப் பன்னிரண்டு பெருநூல்களாக எழுதிக் கர்தினாலாக உயர்ந்த பரோனியுஸ் என்னும் அறிஞரை, ஒரு கலியாண விருந்தில் எழுந்து தவச் சங்கீதமாகிய 'மிசெரேரே'யைப் பாடச் சொன்னார். விருந்தினர் முகம் எப்படி இருந்திருக்கும்! அவரும் பாடினார். அதற்குப்பின் யார் முன்னால் பாடவும் அவருக்கு என்ன வெட்கம் இருந்திருக்கப் போகிறது?

இனி நம் பாடகர் குழுவினர் கவனிக்க வேண்டிய ஒன்று. செபக்கூடத்துப் பாடல்களுக்கு இசையமைத்தவர் அனிமுச்சா. புனித பேதுரு பேராலயத்தின் இசைத் தலைவர். 1563-இல் அவர் வெளியிட்ட முதற்புத்தகத்துப் பாடல்கள் எவரும் பாடக்கூடிய எளிய மெட்டுகள். பின்னர் மேன்மக்களும் பெருங்குருக்களும் வரத் தொடங்கவே, 1570-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் இசை செழித்தது, சிக்கலும் ஆயிற்று. கேட்க இன்பந்தான்; ஆனால் சாதாரண மக்கள் அதைப் பாட முடியுமா? சொத்தோ என்னும் இஸ்பானிய நாட்டு ஓரட்டோரியக் குரு பாப்பரசரின் பாடகராயிருந்தவர். அவ்வளவு தேர்ந்தவரே 1583-இல் மூன்றே குரல்களுக்கான எளிய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்.

1575-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் இச்சபையை அங்கீகரித்து, வல்லிச்செல்லா மாதா கோவிலை அதற்குக் கொடுத்தார். முதுமையில் பிலிப்பு திருப்பலியில் பரவசமாகித் தம்மை மறந்துவிடுவார். அதனால் பீடமேறுமுன் வேடிக்கைக் கதைகளை வாசிக்கச் சொல்லி மனத்தைத் தரைக்கு இழுத்துக்கொள்வாராம். 1595-இல் திவ்ய நற்கருணைத் திருநாளன்று பகல் முழுதும் வழக்கம்போல் வந்தவர்களைச் சந்தித்துவிட்டு, நள்ளிரவு கடந்ததும், மே 26-இல், இறைவனடி சேர்ந்தார்.

அதுவே அவருடைய திருநாள். அடுத்த திருநாளன்று பாடகர் குழுவினர் ஒலிபெருக்கியை விட்டிறங்கி மக்களோடு மக்களாக அமர வேண்டுமென்று கேட்டிருக்கிறோம், இசைந்திருக்கிறார்கள். எல்லாரும் அறிந்த பழைய பாடல்கள் நான்கு போதும். தொடக்கவுரையை நாம் பாடுவோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.