மண்குவளையில் தேநீர்

நம் தாத்தாமார் காலத்தில், பகாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் துரைமார் மன்றத்துப் புல்லை வெட்டியவர் ஒருவர்; அங்கு ஆடியவர் வேறொருவர். அத்தகைய திடலொன்றில் வேலையாளாகத் தொடங்கி, இந்தியாவின் முதல் பெரும் பந்து வீச்சாளராக உயர்ந்தவர் பல்வங்கர் பாலு.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாட் நகரில் பிறந்தார். தந்தை புனேயில் படைத்துறைப் பணியாளர். தோல் வேலை செய்து வந்த அவர்தம் சமூகத்தைத் தீண்டத்தகாதது என்று பிறர் ஒதுக்கினர். கிரிக்கெட் பந்தும் தோலால் ஆனதுதான். அதைத் தொட மட்டும் எவரும் தயங்கவில்லை!

புனேயில் ஆங்கிலேயர் மன்றத்தில் அவருக்கு மாதச் சம்பளம் 4 ரூபாய். ஆடுகளத்தை உருளையால் சமன்படுத்துவது, கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை. பயிற்சியின்போது ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசவும் செய்தார். மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. ஆயினும், மணிக்கணக்கில் வீசி வீசி அவருடைய இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது.

ஆங்கிலேயரை வெல்ல விரும்பிய புனே இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். திடலில் அவர் வீசிய பந்தை எல்லாரும் பிடித்தனர். ஆனால், தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தனர். உணவுக்கும் தனித்தட்டு, தனிமேசை. பின்னர் மும்பைக்குச் சென்று இந்து ஜிம்கானா அணிக்காக ஆடியபோதுதான் சக வீரர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்டார்.

1906-ஆம் ஆண்டு அந்த அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. பாலுவும் தம்பி சிவராமும் அவ்வெற்றியில் பெரும் பங்காற்றினர். அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அப்போது பிறந்திருக்கவே இல்லை. 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார்.

இத்தனைக்குப் பிறகும் அணித்தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. திறமையில் குறையா? இல்லை, பிறப்பே தடையாக நின்றது. 1920-இல் அவர் புறக்கணிக்கப்பட்டதும், தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். ஓர் அணி தன் சிறந்த வீரர்களை இழந்து நிற்பது சிறிய செய்தியன்று. நிருவாகம் இறங்கி வந்து பாலுவைத் துணைத்தலைவராக்கியது. தலைவர் பாய் ஆட்டத்தின் நடுவே சிறிது நேரம் திடலை விட்டு வெளியேறினார். அப்பொழுது அணியைப் பாலு வழிநடத்தினார். அவர் பெற்ற தலைமை அவ்வளவுதான்.

பின்னாளில் அரசியலிலும் ஈடுபட்ட அவர், 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். 1955-இல் மறைந்தார்.

அதற்கெல்லாம் முன்பே, 1923-இல், தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். ஐரோப்பியரை அவ்வணி வென்ற நாளில், மக்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு சென்றனர்.