மில் வீட்டுப் பிள்ளையும் மூன்று பெடல்களும்

பஞ்சாலை முதலாளி வீட்டுப் பிள்ளை பந்தயக் கார் ஓட்டினார் என்றால், அதைப் பாட்டாளிக்கு ஏன் சொல்ல வேண்டும்? விழுப்புரம் பணிமனையில் விடியுமுன் பஸ்ஸை எடுப்பவரும், திண்டிவனத்தில் லாரியை ஓரங்கட்டித் தேநீர் அருந்துபவரும் நம்மை இப்படிக் கேட்கக்கூடும். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஆனாலும், கோவை கரிவர்தன் கதையை நாம் சொல்லத்தான் போகிறோம்.

1954-இல் பிறந்தவர். 1910-இல் தோன்றிய லட்சுமி மில்லின் குடும்பத்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை. விரும்பியிருந்தால் நாற்காலியில் அமர்ந்து கணக்கைப் புரட்டியே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரோ காரை ஓட்டினார். ஓட்டியதோடு நில்லாமல் காரைக் கட்டவும் தொடங்கினார்.

சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். போர் ஓய்ந்தபின், 1950-களிலிருந்து அது பந்தயக் களமாயிற்று. அங்கே முன்னால் பறந்தவர்கள் பெரும்பாலும் யார்? சீமையிலிருந்து காரை வரவழைக்கும் வசதி படைத்த சீமான்கள்! திறமை இருந்தும் பணம் இல்லாதவன் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தான். கரிவர்தனும் அந்தக் களத்தில் ஓடியவர்தான். ஆனால் அந்த வேலி அவர் கண்ணில் பட்டது.

1983-இல் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற சின்னஞ்சிறு கார். அந்த எஞ்சினையே எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை ஆள் அமரும் பந்தயக் காரை 1980-களின் பிற்பகுதியில் கோவையிலே உருவாக்கினார். பார்முலா மாருதி என்று பெயர். எல்லார்க்கும் ஒரே எஞ்சின். பின் எதை வைத்து வெல்வது? பணம் பேசாத இடத்தில் பாதம் பேச வேண்டியதாயிற்று! கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அப்போதும் எட்டாத பந்தயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலி சற்றே தாழ்ந்தது.

பாதம் எப்படிப் பேசும் என்கிறீர்களா? நேர்பாதையில் பாய்ந்து வருகிற கார், வளைவுக்கு முன் வேகம் குறைய வேண்டும், கியரும் இறங்க வேண்டும். வலக்காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்துகிறது. இடக்கால் கிளட்சை மிதிக்கிறது. கை கியரை இறக்குகிறது. பிரேக்கை விடாமலே, அதே வலப்பாதத்தைச் சற்றே திருப்பி, குதிகாலாலோ பாதத்தின் வெளி ஓரத்தாலோ ஆக்சிலேட்டரை ஒரு தட்டு! எஞ்சின் சுழற்சி ஏறி, சக்கரத்தின் ஓட்டத்தோடு இணைகிறது. அப்போது கிளட்சை விட்டால் வண்டி அதிராது. தட்டாமல் விட்டால், எஞ்சின் பின்சக்கரங்களைத் திடீரென்று இழுத்துப் பிடிக்கும், பிடிப்பு நழுவும், கார் பம்பரமாகும். ஒரு காலில் இரு வேலை, அதுவும் கண் இமைக்கும் நேரத்தில்.

இதைப் படித்ததும் நம் மூத்த லாரி ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். பழைய லாரிகளின் கியர்ப் பெட்டிக்கு ஒத்திசைவு வளையம் ஏது? கிளட்சை மிதித்து நடுநிலைக்குத் தள்ளி, விட்டு, ஆக்சிலேட்டரை உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கியரை இறக்கினார்களே, அந்த டபுள் கிளட்ச் இதே குடும்பந்தான்! நெல் மூட்டையோடு சென்னை–திருச்சி சாலையில் அவர்கள் செய்ததற்குக் கோப்பை கொடுத்தவர் யார்? கைதட்டியவர் யார்? பந்தயக்காரருக்கு அரைமணி நேரம். இவருக்கோ இரவு முழுதும், முழங்கால் தேயும்வரை.

உலகப் பந்தயத்தின் உச்சியில் கதை மாறிவிட்டது. 1989-இல் ஃபெராரி, ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் கியர் மாற்றும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. பின்னர் கிளட்ச் பெடலே மறைந்து, இடக்கால் பிரேக்குக்குப் போயிற்று. ஆனால் அந்த உச்சிக்கு ஏறிய நம்மவர்கள் பழைய பள்ளியில் படித்தவர்களே. கோவை நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது திருப்பெரும்புதூர்த் தடத்தில், பார்முலா மாருதியில்தான். 2005-இல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னை கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் ஓடியவரே. 2010-இல் அங்கே போனார்.

இவை எதையும் கரிவர்தன் காணவில்லை. 1995 ஆகஸ்டில், 41 வயதில், வானூர்தி விபத்தில் மாண்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்குக் கரி என்றே பெயர் வைத்தார்கள்.