மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த மாணவர்

கோயமுத்தூர் கலாசாலையில் அன்று படித்தவர்கள் சுமார் நானூறு பேர். பத்துப் பேர் போக மற்ற அனைவரும் பிராமணப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் காலையில் சீக்கிரமே வந்துவிடுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்பு கலைந்ததும், யாரும் கூட வந்து சேராதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். யாராவது சிநேகமானால் ஊரைக் கேட்பார்கள், வீட்டைக் கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், பிறகு இழிவாக நடத்துவார்கள் என்ற பயம்தான் காரணம். மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்று உள்ளுக்குள் கலங்கினார். இதிலிருந்து எப்படி மீள்வது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்.

அந்த மாணவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். குடும்பம் பிழைப்புத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போய், பிறகு கோயமுத்தூர் வந்து சேர்ந்தது. பயத்தோடு போனாலும் அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. நாம் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். தைரியம் வந்த பிறகு படிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளைக்காரர் வியாபார நிறுவனங்களில் கணக்கு வேலை பார்த்தார். சொந்தக் காலில் நிற்க அந்தச் சம்பளம் உதவியது.

1890இல் சென்னை வந்தார். 1893 அக்டோபரில் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடக்கூடாதென்று தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனாரோ, அதே பெயரைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டார். மாத இதழாகத் தொடங்கியது வார இதழானது. 1896இல் பத்திரிகை மீது வழக்கு வந்தது, 100 ரூபாய் அபராதம் விழுந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனாலும் 1900 வரை பத்திரிகையை நடத்தினார். பறையர் மகாஜன சபையை அமைத்து, ஊர் ஊராக மக்களைத் திரட்டினார்.

நம் மக்களின் குறைகளை லண்டனிலேயே போய்ச் சொல்ல வேண்டும் என்று 1900இல் புறப்பட்டார். போய்ச் சேர முடியவில்லை. தென் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். நாடு திரும்பியபோது ஆண்டு 1921. தலைமுடி நரைத்திருக்கும் வயது. இனி ஓய்ந்திருக்கலாம் என்று பலரும் நினைப்பார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

1923இல் சென்னை சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்தச் சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924இல் நிறைவேறி, அரசாணையாகவும் வந்தது. தெருவில் தலை குனிந்து விரைந்தவர், எல்லாரும் தெருவில் நடக்கும் உரிமையை எழுத்தில் வாங்கித் தந்தார்.

1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் லண்டன் சென்றார். முதல் முறை புறப்பட்டதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் இடையே முப்பது ஆண்டுகள். இங்கிலாந்து மன்னரைச் சந்தித்தபோது, தீண்டாமை என்றால் என்னவென்று நேருக்கு நேர் விளக்கினார். 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

இன்றும் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கேள்வி சாதாரணமாகத்தான் இருக்கும். எதற்குக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்போது மனம் ஒடுங்கினால் அது கோழைத்தனம் இல்லை, இவ்வளவு பெரிய தலைவருக்கும் அப்படித்தான் இருந்தது. இழிவுபடுத்துகிறவர்கள் மீது புகார் கொடுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போ என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடாது. வகுப்பை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்ல வேண்டும்.

தம் இளமைக்கால பயத்தை சீனிவாசன் கடைசிவரை மறைக்கவில்லை. பட்டமும் பதவியும் பெற்ற பிறகு, 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அதை வெளிப்படையாக எழுதிவைத்தார். மிகச் சிறிய புத்தகம். நம் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுவோம். பிள்ளைகள் படிக்கட்டும்.