இதயத்தைத் திறந்து பார்த்த ஆயர்: அருளாளர் நீல்ஸ் ஸ்டென்சன்



திரு இருதய ஆண்டவர் படம் இல்லாத வீடு நம் பங்குகளில் அரிது. ஆனால் மனித இதயம் எதனால் ஆனது என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் பின்னாளில் கத்தோலிக்க ஆயரானார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நீல்ஸ் ஸ்டென்சன் 1638-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பொற்கொல்லர், மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். மருத்துவம் கற்க 1660-ல் ஹாலந்து சென்ற நீல்ஸ், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டின் தலையை அறுத்துப் பார்க்கையில் கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்கு எச்சில் கொண்டுவரும் குழாயைக் கண்டுபிடித்தார். இதைத் தாமே கண்டதாக அவருடைய ஆசிரியர் சொல்லிக்கொண்டார். 22 வயது மாணவனுக்கு அது பெரிய சோதனை. அவருக்குத் துணை நின்றது லெய்டன் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் வான் ஹோர்ன் அந்தக் குழாயை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டி, அதற்கு நீல்ஸின் பெயரையே சூட்டினார்.

அக்காலத்தில் லெய்டன் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பலர் கூடி ஆராய்ந்த இடம். உடலில் இரத்தம் சுற்றி ஓடுகிறது என்று ஹார்வி 1628-ல் எழுதியதை ஏற்றுக் கற்பித்தவர் பேராசிரியர் சில்வியஸ். நோயாளியின் படுக்கையருகே மாணவர்களை அழைத்துச் சென்று பாடம் நடத்தியவரும் அவரே. உடன் பயின்ற ஸ்வாமர்டாம் நீல்ஸின் உற்ற நண்பர்.

இரத்தம் சுற்றுகிறது, சரி. அதைச் செலுத்துவது எது? இதயம் ஓர் அடுப்பு, அதன் வெப்பத்தில் இரத்தம் பொங்கி வெளியேறுகிறது என்றார் தத்துவ அறிஞர் தேக்கார்த். அவர் சொல்லை மறுக்கப் பலரும் தயங்கினார்கள். நீல்ஸ் ஒரு மாட்டின் இதயத்தை வேகவைத்து, மேற்சவ்வை உரித்து, நார்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றார். அவை கீழ்முனை வரை இறங்கி மீண்டும் மேலே ஏறின. பிறகு முயலின் கால் தசையை எடுத்து ஒப்பிட்டார். அதே அமைப்பு! தசையில் உள்ளதெல்லாம் இதயத்தில் இருந்தது. இதயத்தில் உள்ள எதுவும் தசையில் இல்லாமல் இல்லை. ஆக இதயம் அடுப்பும் அல்ல, ஆன்மாவின் அரியணையும் அல்ல. அது ஒரு தசை. 1664-ல் இதை நூலாக வெளியிட்டார். தசை சுருங்கும்போது பருமனில் கூடுவதில்லை என்று பின்னர் அவர் கணக்கிட்டுச் சொன்னார். தவளைத் தசையை வைத்து ஸ்வாமர்டாம் செய்த சோதனையும் அதையே காட்டியது. உருக்குலைந்த ஒரு சிசுவின் இதயத்தில் நீல்ஸ் கண்டு எழுதிய குறைபாடுகளை 1888-ல் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விரிவாக விளக்கினார். நீலம் பாய்ந்த குழந்தைகளின் நோய் என்று இன்று மருத்துவர்கள் அறிந்திருப்பது இதுதான்.

இந்தக் கண்டுபிடிப்பு அவருடைய விசுவாசத்தை அசைக்கவில்லை. அறிஞர்கள்மேல் அவர் வைத்திருந்த குருட்டு நம்பிக்கையைத்தான் அசைத்தது. கையால் தொட்டறியும் இதயத்திலேயே தவறியவர்கள் கடவுளையும் ஆன்மாவையும் பற்றிச் சொல்வதை எப்படி அப்படியே ஏற்பது என்று அவர் எண்ணினார். 1666-ல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் கண்ட நற்கருணைப் பவனி அவர் உள்ளத்தைத் தொட்டது. மறு ஆண்டு நவம்பரில் கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்தார்.

1675-ல் அருள்பணியாளர், 1677-ல் ஆயர். ஆராய்ச்சியை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டார். நல்ல இயற்கை அறிஞர் ஒருவரை இழந்தோம் என்று லைப்னிட்ஸ் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை நியாயமானது என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் லெய்டனில் கத்தியோடு நின்ற அதே பிடிவாதக்காரர்தான் ஆயர் இல்லத்திலும் இருந்தார். மூன்ஸ்டர் நகரில் பணம் புகுந்த ஆயர் தேர்தலை ஏற்க மறுத்து, 1683-ல் பதவியை விட்டு வெளியேறினார். தம் மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார்.

கடைசியாக வட ஜெர்மனியின் ஷ்வேரினில் எளிய பங்குக் குருவைப் போல வாழ்ந்து, கடும் வயிற்று வலியால் துன்புற்று, 1686-ல் தமது 48-ஆம் வயதில் இறந்தார். அவர் உடல் ஃபிளாரன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தூய லாரன்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988 அக்டோபர் 23 அன்று அவரை அருளாளராக அறிவித்தார்.