ஓட்டல் பில்லுக்கு கைகொடுத்த நண்பன்... போர்க்களத்தில் எதிரி!

அமெரிக்காவில் 2 முறை ஜனாதிபதியாக இருந்தவர் யுலிசஸ் கிராண்ட். அந்த நாட்டு 50 டாலர் நோட்டில் இருப்பது இவர் படம்தான்.

அப்பா ஓஹியோ மாநிலத்தில் தோல் பதனிடும் தொழில் செய்தவர். மகனுக்கு அந்த தொழில் என்றாலே குமட்டல். 1839-ம் ஆண்டு, 17 வயதில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் கொண்டு போய் சேர்த்தார்கள். பையனுக்கு அதிலும் இஷ்டம் இல்லை!

ஹிராம் யுலிசஸ் என்பதுதான் நிஜப்பெயர். சிபாரிசு செய்த எம்.பி. தவறாக யு.எஸ். கிராண்ட் என்று எழுதி விட்டார். அமெரிக்க அரசை செல்லமாக 'அங்கிள் சாம்' என்பார்கள். யு.எஸ். என்ற எழுத்தை பார்த்ததும் பசங்க அவரை சாம் ஆக்கி விட்டார்கள்.

அகாடமியில் எதற்கெடுத்தாலும் கரும்புள்ளி. அணிவகுப்புக்கு லேட்டா? பட்டன் போடவில்லையா? ரூம் சுத்தமில்லையா? வருஷத்துக்கு 200 புள்ளி தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் 2 வருஷம் வீட்டுக்கு போக லீவும் கிடையாது. பசங்களுக்கு பசங்கதான் துணை.

கிராண்ட் பாடத்தை மறுபடி புரட்டியதே அபூர்வம். எந்நேரமும் நாவல். ஆனால் குதிரை ஏறினால் அவரை அடிச்சுக்க ஆளில்லை! 39 பேரில் 21-வது ரேங்க் வாங்கி 1843-ல் வெளியே வந்தார்.

அங்கே கிடைத்த நண்பர் சைமன் பக்னர். ஒரு வருஷம் ஜூனியர். மெக்சிகோ போரிலும் இருவரும் இருந்தனர்.

1854-ல் ராணுவ வேலையை விட்டு ஊர் திரும்பிய கிராண்ட், நியூயார்க்கில் கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டார். வீட்டில் இருந்து பணம் வரும் வரை ஓட்டல் பில்லுக்கு பொறுப்பேற்றவர் பக்னர்.

1861-ல் அடிமை முறை பிரச்சினையில் நாடே இரண்டாக பிளந்தது. கிராண்ட் அரசு பக்கம். பக்னர் எதிர் பக்கம்!

1862 பிப்ரவரியில் டோனெல்சன் கோட்டையை கிராண்ட் முற்றுகையிட்டார். உள்ளே இருந்த 2 பெரிய தளபதிகள் ராத்திரியோடு ராத்திரியாக நழுவி விட, பக்னர் தலையில் பொறுப்பு விழுந்தது. சரணடைய என்ன நிபந்தனை என்று கேட்டு அனுப்பினார். பழைய சினேகிதம் ஆச்சே! ஆனால் கிராண்ட் கறார். நிபந்தனையே கிடையாது என்று பதில் வந்தது. பக்னர் நொந்து போனார். 12 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்கள் கைதானார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பக்னரை தனியே அழைத்துப்போன கிராண்ட், தன் பணப்பையை நீட்டினார். கைதியான நண்பனுக்கு செலவுக்கு ஆகுமே! பக்னர் வாங்கவில்லை.

1884-ல் பங்குதாரர் செய்த மோசடியால் கிராண்ட் சொத்தெல்லாம் போச்சு. கூடவே தொண்டையில் புற்றுநோய். பேச்சு வரவில்லை. 1885 ஜூலையில் பக்னர் தேடி வந்தார். கிராண்ட் துண்டுச்சீட்டில் எழுதி காட்டித்தான் பேசினார். அந்த மாதம் 23-ந்தேதி உயிர் பிரிந்தது.

நியூயார்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில், சவப்பெட்டியோடு சென்ற முக்கியஸ்தர்களில் பக்னரும் ஒருவர்.